சிவப்புக் கிளிப் சொன்ன பொய்

“கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?”

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த உதவியாளர் பெண் பேனாவும் கையுமாகக் கேட்டாள். ‘நேத்து ராத்திரி’ என்று எழுதத் தயாராகவே இருந்தாள். ஆபரேஷனுக்கு நாயைக் கொண்டுவருகிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

அண்ணன் சொன்னார்: “காலைல.”

பேனா நின்றது.

“காலைலயா? இன்னிக்கா?”

“இன்னிக்குத்தான். எங்க வீட்டுல சிவப்பு கிளிப் மாட்டியிருந்தா சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம். தட்டுல மாட்டியிருந்துச்சு. இதோ.”

சட்டைப் பையிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து, கோர்ட்டில் சாட்சி வைக்கிற மாதிரி கவுன்ட்டர்மேல் வைத்தார். அவருடைய முழங்கையில் தொங்கிய பேக்கரிக் கூடைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு முகம் எழும்பியது. கிளிப்பைப் பார்த்தது. அண்ணனைப் பார்த்தது. பட்டினி கிடக்கிற எவரும் பார்க்கிற பார்வைதான்.

அதுதான் குண்டூசி. மூன்று கிலோவைத் தொடாத உடம்பு. அதில் பாதி காது.

“அப்போ இன்னிக்கு ஆபரேஷன் கிடையாதுங்க,” என்றாள் உதவியாளர். “வயித்துல சாப்பாடு இருக்கும்போது மயக்கம் குடுத்தா, வாந்தி எடுத்து மூச்சுக்குழாய்ல போயிடும். வேற தேதி பாத்துக்கலாம்.”

“பாத்துக்கலாம்,” என்றார் அண்ணன். கொஞ்சம் அவசரமாகச் சொன்னார். கொஞ்சம் சந்தோஷமாகவும் சொன்னார். சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். வாசலில் அவருடைய பேக்கரி ஸ்கூட்டர் நின்றது. தெருமுனையில் வந்தாலே ஊருக்குத் தெரிகிற அளவுக்குச் சத்தம் போடுகிற வண்டி.

அவருக்கு வழிவிட்டு உள்ளே வந்த சின்னவள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பல் செட் செய்கிற லேபிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறாள். நகக்கண்ணில் இளஞ்சிவப்பு மெழுகுகூடப் போகவில்லை.

‘வேற தேதி’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று லேசானது.

அப்புறம்தான் அதற்காக வெட்கப்பட்டாள்.

*

இந்தத் தொடரில் முதல் வாரத்திலிருந்து கூட வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நடுவழியில் ஏறியவர்களுக்கு நாலு வார்த்தை.

சின்னவள், புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஒரு கையில் பெட்டி, மறுகையில் நாய்க்குட்டி. அடி, உதை, குடி எதுவும் கிடையாது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்லவன். எதற்கும் ‘பாக்கலாம்’ என்பவன், அவ்வளவுதான்.

வேலைக்குப் பக்கத்தில் வீடு மாற்றலாமா? பாக்கலாம். குழந்தை விஷயமாக டாக்டரிடம் போகலாமா? பாக்கலாம். ஒருநாள் அவள், “அப்போ நான் கிளம்பட்டுமா?” என்று கேட்டாள். பழக்கதோஷம், அதற்கும் “பாக்கலாம்” என்றான்.

கிளம்பிவிட்டாள்.

அண்ணன் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அண்ணன் பேக்கரியில் அடுப்படி வேலை. ஊர் தூங்கும்போது போய், ஊர் எழுந்திருக்கும்போது வருவார். அண்ணி துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். சின்னவளுக்கு லேப். மூன்று பேரும் மூன்று நேரத்தில் எழுந்து, மூன்று நேரத்தில் சாப்பிடுகிற வீடு.

இதைக் குண்டூசி வந்த வாரமே கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வொருவர் எழுந்திருக்கும்போதும் தட்டுக்கு முன்னால் போய், மாமியார் கொடுமைக்கு ஆளானவள் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தினமும் மூன்று காலைச் சாப்பாடு. பன் மாதிரி உப்பிய பிறகுதான் அண்ணிக்கு விஷயம் புரிந்தது. அன்றைக்கு வந்தது கிளிப் சட்டம். போட்டவர் தட்டில் கிளிப்பை மாட்ட வேண்டும். கிளிப் இருந்தால் நாய் என்ன நாடகம் ஆடினாலும் நம்பக் கூடாது.

சரி, ஆபரேஷன்? அது இன்றைக்கு வந்த பேச்சு இல்லை.

கருப்பையை எடுக்க முதலில் கேட்டபோது, “இன்னும் கொஞ்சம் வளரட்டும்” என்றார் டாக்டர். நியாயம். சின்ன ஜாதி, அரை வயதாவது ஆகட்டும் என்று காத்தார்கள். தேதி குறித்த வாரத்தில் குண்டூசி பருவத்துக்கு வந்தது. அண்ணி வெட்டி வைத்திருந்த வெள்ளைச் சீருடைத் துணிமேல் உட்கார்ந்து அறிவித்தது. இந்தச் சமயத்தில் உள்ளே ரத்தக்குழாய் எல்லாம் வீங்கியிருக்கும், முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்றார் டாக்டர். அதுவும் நியாயம்.

அந்த நாட்களில்தான் கீழே கேஸ் கிடங்கில் காவல் இருக்கிற நாய் நாலு மாடி ஏறி வந்து, கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டது. கன்றுக்குட்டி சைஸ். அண்ணி அடி ஸ்கேலை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, அந்த வாரம் முழுக்க ஒரு சட்டைகூடத் தைக்கவில்லை. “அதோட குட்டி இதோட வயித்துல தங்கினா, பிரசவத்துல ரெண்டும் பிழைக்காது,” என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமே குறைந்துவிட்டது.

காத்திருக்க வேண்டிய மாதங்கள் முடிந்தன. தேதி குறித்தார்கள். குண்டூசி ஒருமுறை தும்மியது, சின்னவள் தள்ளிவைத்தாள். அடுத்த தேதி. லேபில் அவசர வேலை; தள்ளிவைத்தாள்.

இதில் ஒன்று அண்ணிக்குத் தெரியாது. தெரியாது என்று சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

குட்டியை முதல் ஊசிக்குத் தூக்கி வந்தவன் அவள் புருஷன். கொடுத்த நம்பர் அவனுடையது. யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு முறை தேதி குறிக்கும்போதும் ஆஸ்பத்திரியிலிருந்து மெசேஜ் அவனுக்குப் போகும். அவன் அண்ணனைக் கூப்பிடுவான். அண்ணன், “நாய் விஷயம் எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை, பாப்பாகிட்ட குடுக்கிறேன்,” என்று போனை நீட்டுவார்.

அவர்கள் நாயைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள்.

“வெளிக்கு ஒழுங்கா போகுதா?”

“போகுது.”

“கெட்டியாவா?”

“ம்.”

நாய் வெளிக்குப் போவதை இவ்வளவு மெல்லிய குரலில் விசாரித்துக்கொள்கிற புருஷன் பெண்டாட்டி உலகத்தில் வேறு எங்காவது இருப்பார்களா, தெரியாது. தேதி தள்ளிப்போனால் இன்னொரு மெசேஜ். இன்னொரு போன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டால்?

*

“அண்ணி, குண்டூசிக்குக் காலைல என்ன போட்டீங்க?”

மறுமுனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

“என்ன போட்டேனாவா? ஒண்ணும் போடல. நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான்.”

“தட்டுல கிளிப் இருந்துச்சாம்.”

“நான்தான் மாட்டினேன். வெறும் வயித்துக்கு மாட்டினேன். மாட்டலன்னா உங்கண்ணன் வந்ததும் ரஸ்க்கை ஒடிச்சுப் போடுவாரு. இப்ப யாரு சொன்னா சாப்பிட்டுச்சுன்னு?”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். போன் பேசி முடித்து உள்ளே வந்திருந்த அண்ணன், சுவரில் ஒட்டியிருந்த உண்ணிப் படத்தை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன்.”

“அங்கயே இருங்க. வர்றேன்,” என்றாள் அண்ணி. சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதற்குள் டாக்டர் வெளியே வந்துவிட்டார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, வேகமாக நடக்கிற பெண். குண்டூசியின் ஈறை விரலால் அழுத்தினார். வயிற்றைத் தடவினார்.

“ஒருத்தர் சாப்பிட்டுச்சுங்கறீங்க, ஒருத்தர் இல்லங்கறீங்க. எனக்கு ரெண்டுல ஒண்ணு உறுதியா வேணும்,” என்றார். “சாப்பிட்டிருந்தா நான் இன்னிக்குத் தொட மாட்டேன். சாப்பிடலன்னா இதுக்கு மேல பட்டினி போடவும் கூடாது. இத்துனூண்டு உடம்பு. சர்க்கரை இறங்கி, நிக்க முடியாம விழுந்துடும்.”

“இன்னொரு நாள் வச்சுக்கிட்டா டாக்டர்?” சின்னவள் கேட்டாள். கேட்டுவிட்டுக் கூடையைப் பார்த்தாள்.

“வச்சுக்கலாம். அடுத்த வாரம் நான் ஊர்ல இல்ல. திரும்பி வர்றதுக்குள்ள இதுக்கு அடுத்த பருவம் ஆரம்பிச்சாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆரம்பிச்சா திரும்ப முதல்லேர்ந்து காத்திருக்கணும். ஆமா, உங்க மாடிப்படியில ஒருத்தர் வந்து படுத்திருந்தாரே, அவர் இன்னும் கீழதான் இருக்காரா?”

“இருக்காரு.”

“அப்போ யோசிச்சுக்குங்க.” பெஞ்சில் உட்கார்ந்தார் டாக்டர். நின்றுகொண்டே இருக்கிற ஆள் உட்கார்ந்தால் பதில் வாங்காமல் எழுந்திருக்கப்போவதில்லை என்று அர்த்தம்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கூட்டர் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“கிளிப் இருந்துச்சு டாக்டர். நான் கிளிப்பைத்தான் சொல்ல முடியும்.”

*

அண்ணி வந்தபோது கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. ஜாக்கெட் கைமேல் குத்தியிருந்த ஊசிகளைக்கூடக் கழற்றவில்லை. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

“ஏங்க, நான் கிளிப் மாட்டும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

“நான் இப்பத்தானே வேலையிலேர்ந்து...”

“குழாயடியில மாவு கழுவிட்டிருந்தீங்க. திரும்பி வேற பாத்தீங்க. ‘இன்னிக்கு எதுவும் போடக் கூடாது, அதான் கிளிப்’னு நான் சொன்னதுக்கு ‘ம்’னு வேற சொன்னீங்க.”

“தண்ணி சத்தத்துல சரியா...”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதைப் பாத்திருக்கேன். நீங்க ஒரு கிளிப்புல மறைக்கிறீங்க.”

டாக்டர் குறுக்கே வந்தார். “உங்க வீட்டுச் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. சார், இந்த நாய் பட்டினியா, இல்லையா? நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் ஊசி போடணும்.”

கூடைக்குள் குண்டூசி ஒரு தடவை நடுங்கியது. குளிரா, பசியா, தெரியவில்லை. அண்ணன் அதைப் பார்த்தார். பேக்கரி அடுப்பில் வெந்து தழும்பேறிய கையால் அதன் காதைத் தடவினார்.

“சாப்பிடல,” என்றார்.

உதவியாளர் பேனாவை மறுபடி எடுத்தாள்.

“பொய்தான் சொன்னேன். சாப்பிடல. நேத்து ராத்திரிக்கு அப்புறம் பச்சத் தண்ணியோட சரி.” தங்கையின் பக்கம் திரும்பினார். “பாப்பா, இன்னிக்கு முடிஞ்சுட்டா அவருக்கு மெசேஜ் வராது. மெசேஜ் வரலன்னா அவர் எதுக்கு எனக்கு போன் பண்ணப் போறாரு? என்ன சாக்கு வச்சு நான் உன்கிட்ட போனைக் குடுக்கிறது?”

சின்னவளுக்குக் காது சுட்டது.

“அண்ணா, நாய் உயிர் அது.”

“தெரியும். ஒரு வாரம் தள்ளினா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்.”

“அவரை மட்டும் எதுக்குக் கேக்கற சின்னவளே?” என்றாள் அண்ணி. கோபம் இப்போது நாத்தனார் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் குரல் இறங்கியிருந்தது. “அவராவது ஒரு தடவைதான் பொய் சொன்னாரு. அது ஒரே ஒரு தும்மல் தும்மினதுக்கு நீ ஒரு தேதியைத் தள்ளின. லேப்ல வேலைன்னு ஒரு தேதியைத் தள்ளின. ஒவ்வொரு தடவையும் மறுநாள் போன் வரும். அன்னிக்கு மட்டும் நீ தலை வாரிப்ப. போன்ல பேசறதுக்கு எதுக்குடி தலை வாரணும்?”

உதவியாளர் பெண் சட்டென்று பேனாவின் மூடியைத் தேட ஆரம்பித்தாள்.

“எனக்கு எல்லாம் தெரியும். கேக்க வேணாம்னு இருந்தேன்,” என்றாள் அண்ணி. “அவன் பாக்கலாம் பாக்கலாம்னான்னுதானே கிளம்பி வந்த? இப்ப நீ என்ன சொல்லிட்டிருக்க?”

சின்னவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினாள்.

டாக்டர் எழுந்தார். “பட்டினின்னு தெரிஞ்சுபோச்சு. நல்லது. சர்க்கரை பாத்துட்டு, டிரிப் போட்டு, உள்ள இருக்கிற பூனையை முடிச்சதும் இதை எடுத்துக்கறேன். இல்ல, வேணாம்னா இப்பவே கொஞ்சம் சாப்பாடு குடுத்துக் கூட்டிட்டுப் போயிடுங்க. முடிவு சொல்ல வேண்டியது யாரு?”

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அண்ணி பார்த்தாள். குண்டூசியும் பார்த்தது, அதற்குத் தேவை சாப்பாடு.

சின்னவள் வாயைத் திறந்தாள். ‘பா’ என்று உதடு ஒட்டியது. ஒட்டிய இடத்திலேயே அவளுக்கு உறைத்தது. இந்த வார்த்தையின் வடிவம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து, அது இன்னொரு வாயில் உருவாவதைப் பார்த்திருக்கிறாள்.

“இன்னிக்கே,” என்றாள்.

“சரி. முடிஞ்சதும் போன் பண்றோம்,” என்றாள் உதவியாளர். “இந்த நம்பர்தானே?” கம்ப்யூட்டரைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். அந்த எண்ணைச் சின்னவள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

“இல்ல. அதை எடுத்துடுங்க.”

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். அண்ணி அவர் காலை மிதித்தாள்.

சின்னவள் தன் நம்பரைச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, குரல் உடையாமல் சொன்னாள். உதவியாளர் தட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். நூலை அறுக்கிற கத்தரிக்குக்கூடக் கொஞ்சம் சத்தம் உண்டு. இதற்கு அதுகூட இல்லை.

அண்ணி கவுன்ட்டரில் கிடந்த சிவப்பு கிளிப்பை எடுத்துக் குண்டூசியின் கழுத்துப் பட்டையில் மாட்டினாள். “இங்க வர்ற யாரும் பாவம்னு எதையும் போட்டுடக் கூடாது.” புருஷனிடம் திரும்பினாள். “நீங்க இங்கயேதான் உக்காரணும். வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்னு கனவு காணாதீங்க. எனக்குச் சீருடைக்காரங்க காத்திருக்காங்க.”

அவள் போய்விட்டாள். அண்ணன் தண்டனையை ஏற்றுக்கொண்டு மூலை பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வாய் பிளந்து தூங்கிவிட்டார்.

*

காத்திருப்பதைப்போல ஒரு வேலை இல்லை.

சின்னவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். வராந்தாவின் கோடிவரை நடந்தாள். உள்ளே பூனை ஒன்று கத்தியது; நின்றது. நின்றது நல்லதா கெட்டதா என்று யோசித்தாள். மடியில் குண்டூசியின் முன்காலில் டிரிப் ஏற்றுவதற்கான ஊசியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார்கள். அது பிளாஸ்டரை நக்கிவிட்டு அவளைப் பார்த்தது. நீயே சரி என்று சொன்னாயாமே என்பதுபோல.

அவளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட மனசு வரவில்லை.

“மேடம்.”

குண்டூசியின் காது இரண்டும் விறைத்தன. அந்தப் பெயரில் அதைக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான். முதலாளியம்மா மாதிரி நடந்துகொள்கிறது என்று வைத்த பெயர்.

வராந்தா படியில் அவன் நின்றான். கம்பெனிச் சட்டை, தோளில் கருவிப் பை, மணிக்கட்டில் கிரீஸ். பாதி வேலையில் வந்திருக்கிறான். குண்டூசி மடியிலிருந்து துள்ளி, வாலை ஆட்டுவதா உடம்பையே ஆட்டுவதா என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஆட்டியது. அவன் கை தானாகப் பைக்குள் போனது. பன். எப்போதும் அவன் பையில் ஒரு பன் இருக்கும். ஒரு துண்டைப் பிய்த்துக் குனிந்தான்.

“போடாதீங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் கை பாதியில் நின்றது. குண்டூசியின் மூக்குக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை.

“மச்சான் போன் பண்ணினாரு, தள்ளிப்போச்சுன்னு. அதான்...”

“தள்ளிப்போகல. இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க.”

“யார் சொன்னது?”

“நான்.”

அவன் நிமிர்ந்தான். நாயைப் பார்த்தான், பன்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “ஒரு துண்டு உள்ள போயிருந்தா?”

“நிறுத்திடுவாங்க. அடுத்து எப்பன்னு தெரியாது.”

பன்னைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. அவன் என்ன நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஏனென்றால் காலையில் கவுன்ட்டர் பக்கத்தில் நின்றபோது அவள் நெஞ்சும் அதையேதான் நினைத்தது. ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு. அப்புறம் இன்னொரு தேதி, இன்னொரு மெசேஜ்.

அவள் எட்டிப் பன்னை வாங்கினாள். துண்டு, மிச்சம், இரண்டையும். வாயில் போட்டு மென்றாள். பசி இவ்வளவு இருந்தது என்று முதல் கடியில்தான் தெரிந்தது. குண்டூசி, இப்படியும் ஒரு துரோகமா என்று பார்த்தது.

“மெதுவா,” என்றான். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். “கழுத்துல என்ன, கிளிப்?”

“சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம்.”

“சாப்பிட்டுச்சா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“எங்க வீடு அப்படித்தான்.”

அவன் சிரித்தான். அவளுக்கும் வந்தது, பன்னோடு சேர்த்து விழுங்கினாள்.

“நம்பரை மாத்திட்டேன்,” என்றாள். “இனிமே உங்களுக்கு மெசேஜ் வராது.”

சிரிப்பு போய்விட்டது. “அப்போ நான் எப்படிப் பேசறது?”

“நாய் இல்லாம பேச வந்தா பேசுங்க. வரலன்னா விட்டுடுங்க.”

அவன் கிரீஸ் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பதில் சொல்வதற்குள் உள்கதவு திறந்தது. உதவியாளர் வந்து குண்டூசியைத் தூக்கினாள். கழுத்துக் கிளிப்பைக் கழற்றி, “உள்ள இரும்பு ஆகாது,” என்று சின்னவள் கையில் கொடுத்தாள். கதவு மூடியது. மூடுகிற கடைசி இடுக்கில் ஒரு பழுப்புக் காது தெரிந்தது.

சின்னவள் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், தன் சட்டைக் கை ஓரத்தில் மாட்டிக்கொண்டாள். அன்றைக்கு முதல்முறையாக அது உண்மை சொன்னது. அவள் சாப்பிட்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றான் அவன். “தையல் ஆறுற வரைக்கும் அது படி ஏறக் கூடாது, தாவக் கூடாது. உங்க வீடு நாலாவது மாடி. நம்ம வீடு தரைத்தளம்.” பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவே பெஞ்சில் வைத்தான். “நீயும் இருக்கணும்னு சொல்லல. இருக்க வேணாம்னும் சொல்லல.”

“இதை எப்ப யோசிச்சீங்க?”

“வர்ற வழியில. யோசிச்சதும் கிளம்பிட்டேன். லிஃப்டைப் பாதியில நிறுத்திட்டு வந்திருக்கேன். அங்க யாராவது மாட்டியிருந்தா என் வேலை போச்சு.”

அவனிடமிருந்து இப்படி ஒரு வேகத்தை அவள் பார்த்ததில்லை. அதுவே அவளைக் கலக்கியது. அவன் நடந்தான்; அவள் உட்கார்ந்தாள். அவள் நடந்தாள், அவன் உட்கார்ந்தான். இருவரும் ஒரே நேரத்தில் அந்தக் கதவின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார்கள். கண்ணாடியில் பால் வெள்ளை வர்ணம் அடித்திருந்தது. ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் நின்றார்கள்.

கதவு திறந்தபோது டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

“நல்லபடியா முடிஞ்சது. மயக்கம் தெளியுது, ஏற்கெனவே ஒருத்தரைப் பாத்து உறுமியாச்சு.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரியான நேரத்துக்கு வந்தீங்க,” என்றார் டாக்டர். “உள்ள அடுத்த பருவத்துக்கு எல்லாம் தயாராகிட்டிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா திரும்ப அதே கதைதான். சரி, யார் வீட்டுக்குப் போகுது? படி ஏறவே கூடாது, சொல்லிட்டேன்.”

அவன் வாயைத் திறந்தான். ‘பா’ என்று உதடு ஒட்டியதைச் சின்னவள் பார்த்தாள். ஒட்டியதை அவனே பிரித்தான். வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான். முடிவை அவளிடம் விட்டுவிட்டான்.

“எங்க வீட்டுக்குத்தான் டாக்டர்,” என்றாள் அவள். “அது ஏற வேணாம். நான் தூக்கிட்டு ஏறுவேன். மூணு கிலோகூட இல்ல.”

அவன் தலையசைத்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவாவது அந்தச் சாவியை அவன் கையில் மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பெஞ்சுக்குத் திரும்பினாள்.

சாவி இல்லை.

“நீங்க எடுத்துட்டீங்களா?”

“நான் தொடவே இல்லையே.”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூலை பெஞ்சைப் பார்த்தார்கள். வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஆளைக் காணோம். பேக்கரிக் கூடை மட்டும் இருந்தது. கூடைக்குள் இருந்த குண்டூசியின் படுக்கைத் துணியும் காணோம்.

வாசலில் அந்த ஊரறிந்த ஸ்கூட்டர் உறுமியது. வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பவில்லை; அந்தத் தரைத்தள வீட்டுப் பக்கம் திரும்பியது.

அண்ணன் அடுத்த கிளிப்பை மாட்டக் கிளம்பிவிட்டார்.